ஒரு சிறு கத்தியும் என் விண்ணப்பப் படிவமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



உரைக்குத் தலைப்பு வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "கத்தி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், நீங்க கத்தி போடுவீங்கன்னு எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதைத் தலைப்பிலேயே போடணுமா?" என்றார். நம் காலத்தில் அறுவைக்கு இன்னொரு பெயர் கத்தி. மாணவச் செல்வங்களே, இன்றைக்கு நான் பேசப்போவது உண்மையான கத்தியைப் பற்றி. மற்றதும் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1973-இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்து, 1978-இல் உலோகவியல் பட்டம் பெற்று வெளியேறியவன். எஃகு ஆலைகளிலேயே வாழ்நாள் கழிந்தது. 1990-இல் என் நிறுவனம் மூன்று மாதப் பயிற்சிக்காக என்னைச் சுவீடன் நாட்டுக்கு அனுப்பியது. ஒரு சனிக்கிழமை, அங்கே என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், "வா, ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்று மோரா என்ற சிற்றூருக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். சில்யான் என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிற ஊர். பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் பேர் போனது. 1922 முதல் நடக்கிற 90 கிலோமீட்டர் பந்தயம் அந்த ஊரில்தான் முடிகிறது. அதைவிட முக்கியம், அது கத்திக்குப் பேர் போன ஊர். நமக்குத் திருப்பாச்சேத்தி அரிவாள் எப்படியோ, அவர்களுக்கு மோரா கத்தி அப்படி.

அங்கே ஒரு கடையில் ஒரு சின்னக் கத்தி வாங்கினேன். வாய்நீளம் 10 சென்டிமீட்டர். கனம் 2 மில்லிமீட்டர் இருக்கும். பிர்ச் மரத்தில் கடைந்து சிவப்பு வர்ணம் அடித்த, நடுவில் சற்றே பருத்த பிடி. ஒரு சாதாரண பிளாஸ்டிக் உறை. அவ்வளவுதான். வேலைப்பாடு ஒன்றும் கிடையாது. விலையும் அதிகமில்லை, தச்சரும் மீனவரும் விவசாயியும் வாங்கிப் புழங்குகிற கத்தி அது. நல்ல பொருள் என்றால் விலை உயர்ந்த பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே முதல் பாடம்.

அந்தக் கத்தியின் கதையையும் பெரியவர் சொன்னார். மோராவுக்குப் பக்கத்தில் ஓஸ்ட்னோர் என்று ஒரு கிராமம். ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்து, 1891-இல் அங்கே மரம் இழுக்கும் சறுக்கு வண்டி செய்கிற பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பட்டறைக்கு வேண்டிய கத்திகளையும் அவர்களே செய்துகொண்டார்கள். போகப் போக வண்டி நின்றுபோய்க் கத்தி நிலைத்துவிட்டது. பிறகு அதே ஊரில் இன்னொரு நிறுவனமும் வந்தது. இரண்டும் 2005-இல் ஒன்றாயின. இன்று மோராக்னிவ் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கிறது. "க்னிவ்" என்றால் அவர்கள் மொழியில் கத்தி.

இனி, இந்த மாதிரிக் கத்தியில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். முதலாவது, இது மடக்குக் கத்தி அல்ல. மடக்குக் கத்திக்கு ஒரு கீல் உண்டு, ஒரு ஆணி உண்டு. அந்த இடத்தில்தான் அழுக்குச் சேரும், தண்ணீர் நிற்கும், ஆட்டம் கொடுக்கும். ஏடாகூடமாக அழுத்தினால் நம் விரல்மேலேயே மடங்கும். நிலைக்கத்தியில் இந்தத் தொல்லை இல்லை. வாய்ப்பகுதியின் வால் பிடிக்குள்ளே போய் இறுகி நிற்கிறது. கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது.

இரண்டாவது, இது சிறியது. நான்கு விரல் அகலத்துக்குச் சற்று அதிகமான வாய்நீளம் இருந்தால் மனிதனின் அன்றாட வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பது என் அனுபவம். பென்சில் சீவ, மாம்பழம் நறுக்க, சணல் அறுக்க, சாக்குப் பிரிக்க, கரும்பு சீவ, ஒயர் தோல் உரிக்க. பெரிய கத்தி பார்க்கத்தான் கம்பீரம். கையில் வைத்து நுணுக்கமான வேலை செய்ய முடியாது.

மூன்றாவது, இது கண்ணுக்குத் தெரியாத விசேஷம். அதுதான் நம்ம பாடம்.

நான் வாங்கிய கத்தி மூன்று அடுக்கு. நடுவில் கரிமம் மிகுந்த கடின எஃகு. இரண்டு பக்கமும் மென்மையான இரும்பு. வெட்டுவது நடு அடுக்கு. உடையாமல் தாங்குவது பக்க அடுக்கு. கடையில் பெரியவர் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, வாய் ஓரமாக ஓடும் மெல்லிய கோட்டைக் காட்டி இதை விளக்க ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்றால் அந்தக் கோட்டை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். என் அப்பா அரிவாளுக்கு "வாய் வைக்கிறது" என்று செய்கிற வேலை அது. மென்னிரும்பைப் பிளந்து, நடுவில் ஒரு துண்டு எஃகைச் செருகி, உலையில் வெள்ளை வெளேரென்று காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்.

ஆம் நண்பர்களே. என் அப்பா கொல்லர். திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டு முன்னாலேயே பட்டறை. நான் துருத்தி இழுத்து வளர்ந்தவன். என்னோடு ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்த நண்பர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கே இது இன்றைக்குத்தான் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மாணவர்களுக்காக இரண்டு வரி உலோகவியல். ஒரு சதவீத அளவு கரிமம் உள்ள எஃகை ஏறக்குறைய 800 பாகை செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் மிகவும் கடினமாகிவிடும். உள்ளே மார்டென்சைட் என்ற அமைப்பு உருவாகிறது. ஆனால் அந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும். ஆகவே மறுபடி இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்த வேண்டும். சூடு ஏற ஏற, தேய்த்து மெருகேற்றிய பரப்பில் நிறங்கள் ஓடும். 230 பாகை வாக்கில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300 பாகையில் நீலம். கத்தி வாய்க்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். நீலம் வரைக்கும் விட்டால் வாய் மென்மையாகிவிடும். வில்லுக்கு ஆகும், கத்திக்கு ஆகாது.

நாம் வெப்பமானி வைத்துப் படித்ததை என் அப்பா கண்ணால் பார்த்தார். வைக்கோல் நிறத்துக்கு அவர் வைத்த பேர் "பொன் வண்ணம்." ஊதாவுக்கு "நவ்வாப்பழம்." நீலத்துக்கு "மயில் கழுத்து." "மயில் கழுத்து வந்துட்டா அருவா செத்துச்சு" என்பார்.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. வெள்ளைக்காரர்கள் "வூட்ஸ்" என்று எழுதிய இந்திய எஃகு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனது. ஜார்ஜ் பியர்சன் என்பவர் அதைச் சோதித்து 1795-இல் கட்டுரை படித்தார். அந்தச் சோதனைக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அந்த எஃகில் ஒரு சின்னப் பேனாக் கத்தி அடித்துக் கொடுத்தார். அதற்குப் பதம் வைத்த சூடு 450 பாகை ஃபாரன்ஹீட். கணக்குப் போட்டுப் பாருங்கள், 232 செல்சியஸ் வருகிறது. அதாவது அப்பாவின் பொன் வண்ணம்! பிறகு இதே ஸ்டோடார்ட் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இலும் 1822-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். மின்சாரத்துக்காக நாம் படிக்கிற அதே ஃபாரடேதான். அவருடைய அப்பா யார் தெரியுமா? கொல்லர். 1913-இல் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்த ஹாரி பிரியர்லியின் அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. பிரியர்லி பன்னிரண்டு வயதோடு பள்ளியை விட்டவர். இவர்கள் யாரும் அப்பன் தொழிலை மறைத்ததாக நான் படித்ததில்லை. மறைத்தவன் இங்கே மேடையில் நிற்கிறேன்.

சரி, கத்திக்கு வருவோம். ஊர் திரும்பிய அடுத்த வருடமே அதை நான் கெடுத்தேன். ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடி திறக்கவில்லை. ஸ்குரூடிரைவர் தேடச் சோம்பல். கத்தி நுனியைக் கொடுத்து நெம்பினேன். டக்கென்று நுனி நான்கு மில்லிமீட்டர் முறிந்து போயிற்று. கடினமான எஃகு வெட்டும், வளையாது. இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான்! அத்தோடு நின்றேனா? ஆலையில் இருந்த சாணைச் சக்கரத்தில் வைத்துப் புது நுனி எடுக்கப் போனேன். தண்ணீர் தொட்டுத் தொட்டுச் செய்ய வேண்டிய வேலை. அவசரம். பத்து விநாடியில் நுனி முழுக்க மயில் கழுத்து.

1992 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கத்தியை அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருப்பா செஞ்சது?"

"சுவீடன்னு ஒரு நாடுப்பா. அங்க மோரான்னு ஒரு ஊர்..."

"செஞ்சவன் நல்ல கொல்லன். நுனியச் சுட்டது யாரு?"

"நான்தான்ப்பா."

"நீ படிச்சது இரும்புதானப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. "உலையில வச்சு மறுபடி பதம் வச்சிருவமா?" என்று கேட்டேன். கூடாது என்றுவிட்டார். "தீயில வச்சா அவன் வச்ச பதமும் போயிரும். கெட்டத மட்டும் எடுத்தாப் போதும்." ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு சாணைக்கல்லும் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். இரண்டு சாயங்காலம். நீலம் பூத்த பகுதி முழுவதையும் தேய்த்தே எடுத்தார். கத்தி ஒரு சென்டிமீட்டர் குட்டையாயிற்று. ஆனால் வாய் பழைய வாய். தினத்தந்தித் தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே இழுத்தார். சத்தமில்லாமல் இரண்டாயிற்று.

கொடுக்கும்போது வாயின் அடியில் பதித்திருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, "இது என்ன?" என்றார். செய்தவர்களின் பெயர் என்றேன். "பேரைக் கத்தியிலயே அடிச்சிருக்கான் பாரு" என்று சிரித்தார். அறுபது வருடம் அரிவாள் அடித்தவர் தன் பெயரை எதிலும் அடித்ததில்லை.

அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது. 1973-இல் இந்தக் கல்லூரி விண்ணப்பப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்ற கட்டத்தில் நான் எழுதியது "விவசாயம்." எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. முதலாண்டில் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் ஒரு எஃகுத் துண்டைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுக் காட்டி, "கொல்லன் பட்டறையை நேரில் பார்த்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார். மூன்று பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேலி செய்துவிடவில்லை, செய்திருக்கவும் மாட்டார்கள். நானாகவே பயந்துகொண்டேன். அன்று அப்பா பட்டறையில் அடித்த காசில்தான் என் மெஸ் பில் கட்டப்பட்டிருந்தது.

அந்தக் கத்தி இன்றும் என்னிடம் இருக்கிறது. தினமும் புழங்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் புழங்கியதில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தி வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்குப் பயன்படும்.

ஒன்று: மழுங்கிய கத்திதான் ஆபத்து. மழுங்கியதை அழுத்தி அழுத்தி அறுப்போம், வழுக்கும், கையில் ஏறும். கூரான கத்தி சொன்ன இடத்தில் போகும். மோரா மாதிரிக் கத்திகளில் வாயின் சரிவு அகலமாக இருக்கும். அந்தச் சரிவையே கல்லில் படிய வைத்துத் தேய்க்கலாம். கோணம் தேட வேண்டாம். முதலில் கரடான கல், பிறகு வழவழப்பான கல். மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் பக்கம் மாற்று. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு, வாய் முன்னே போகாமல் முதுகு முன்னே போகும்படி. கூர் வந்ததா என்று தாளில் சோதியுங்கள், கட்டைவிரலில் வேண்டாம்.

இரண்டு: கரிம எஃகு துருப்பிடிக்கும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். நாளடைவில் வாய் சாம்பல் நிறமாகும்; அது அழுக்கல்ல, பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை துளி எண்ணெய் பூசினால் போதும். ஈரத்தோடு உறையில் போடக் கூடாது. இவ்வளவு பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். பிரியர்லி காலத்தில் ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் அதை "வெட்டாத கத்தி" என்று கேலி செய்தார்கள். இன்று அந்தக் குறை இல்லை, நன்றாகவே வெட்டும்.

மூன்று: கத்தி நெம்புகோல் அல்ல, ஸ்குரூடிரைவர் அல்ல, உளி அல்ல. என் பெயிண்ட் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: மடியில் வைத்து எதையும் அறுக்காதீர்கள். தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. என் கத்திப் பிடிக்கு விரல் தடுப்பு இல்லை, ஆகவே முன்பக்கம் குத்தி அழுத்தும் வேலையும் கூடாது. நம் வீடுகளில் கத்தியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து "எடுத்துக்கோ" என்பார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்று காரணம் சொல்வார்கள். சண்டை வருகிறதோ இல்லையோ, விரல் தப்பும். நல்ல பழக்கம்.

ஐந்து, மாணவர்களுக்கு: கத்திக்கு இடம் சமையலறை, தோட்டம், பட்டறை. சட்டைப்பை அல்ல, கல்லூரி அல்ல. கத்திக்குப் பேர் போன சுவீடனிலேயே பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. அதனால்தான் என் கத்தியை நானும் இன்று இங்கே கொண்டு வரவில்லை. இல்லாவிட்டால் நம் வாயிற்காவலர், இத்தனை வருடம் கழித்து என்னை மறுபடியும் வெளியே நிறுத்தியிருப்பார்.

அப்பா 1998-இல் காலமானார். பட்டறை இப்போது இல்லை. அடைகல்லை மட்டும் என் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். கத்தியை அதன்மேல் கல்லை வைத்துத்தான் தீட்டுகிறேன். என் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இந்தக் கத்தி ஏன் குட்டையா இருக்கு?" என்று கேட்பான். நான் கெடுத்ததையும் என் அப்பா சரிசெய்ததையும் சொல்லுவேன். படிவத்தில் எழுதியதை அவனிடமும் சொன்னதில்லை. இன்று உங்கள் முன் சொன்னதால் இனி அவனிடமும் சொல்லுவேன்.

இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர், எந்தத் தொழிலையோ படிவத்தில் மறைத்துவிட்டு வந்திருக்கலாம். சலவை, முடிதிருத்தல், மீன் விற்பனை, தோட்டி வேலை, எதுவாகவும் இருக்கலாம். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று சொல்லுகிறேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள். நான் தவறவிட்டுவிட்டேன்.

என் படிவம் அலுவலகக் கட்டுகளில் எங்காவது இன்னும் கிடக்கலாம், செல்லரித்தும் போயிருக்கலாம். அதைத் தேடித் திருத்தும்படி அலுவலகத்தாரைத் தொல்லை செய்ய மாட்டேன். இந்த மலரின் ஆசிரியர் குழுவிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். இந்த உரையை அச்சிடும்போது கடைசி வரியைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.



தந்தையின் தொழில்: கொல்லர்.